வியாழக்கிழமை நாலு பேர்

என் வலிக்கு ஒரு தொடக்கம் இல்லை. நான் பார்த்த டாக்டர்கள் எல்லாருக்கும் அதில் பெரிய வருத்தம். "எப்பம்மா விழுந்தீங்க?" என்று கேட்பார்கள். விழவில்லை என்பேன். "கனமா எதையாச்சும் தூக்குனீங்களா?" பனியனின் கையை உடம்போடு சேர்த்து ஓவர்லாக் மிஷினில் ஓட்டுவது என் வேலை. அதுவும் குழந்தைகள் போடுகிற பனியன். அதன் கை என் உள்ளங்கை அளவுதான் இருக்கும். பத்தொன்பது வருஷமாக அதைத்தான் தூக்கிக்கொண்டிருக்கிறேன் என்றால் எந்த டாக்டரும் எழுதிக்கொள்ள மாட்டார். 'கனம் தூக்கவில்லை' என்றுதான் எழுதிக்கொள்வார்.

வலது கழுத்தடியில் ஆரம்பிக்கும். தோள்பட்டையைச் சுற்றிக்கொண்டு முழங்கை வழியாகச் சுண்டுவிரல் வரைக்கும் இறங்கும். முதலில் சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் வந்தது. ஞாயிறு சர்ச்சுக்குப் போய்வந்து படுத்தால் போய்விடும். பிறகு ஞாயிறும் தங்கியது. ஒரு மழைக்காலத்தில், இது இனி வந்துபோகிற ஒறம்பரை இல்லை, வீட்டு ஆள் என்று தெரிந்துவிட்டது.

எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயை விளக்குப் பெட்டியில் மாட்டிப் பார்த்துவிட்டுத் "தேய்மானம்" என்றார். "வயசானா எல்லாருக்கும் வர்றதுதான்." எனக்கு அப்போது நாற்பத்தொன்று. நரம்பு டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். ஒரு ஜவ்வு லேசாகப் பிதுங்கியிருக்கிறது, ஆனால் இவ்வளவு வலிப்பதற்கு அது போதாது என்றார். போதுமான காரணம் இல்லாமல் வலித்துவிட்டதற்காக அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்போல இருந்தது. இரண்டு பேர் கொடுத்த மாத்திரையையும் விழுங்கி வயிறு எரியத் தொடங்கியது. வயிற்று டாக்டரிடம் போனேன். "இதெல்லாம் யாரு குடுத்தா? ஒடனே நிறுத்துங்க" என்றார். நிறுத்தினேன். அடுத்த வாரம் எலும்பு டாக்டர், "யாரைக் கேட்டு நிறுத்துனீங்க?" என்றார்.

மூன்று பேருக்கும் ஒரே ரோட்டில்தான் கிளினிக். ஒருவர் வாசலில் நின்றால் இன்னொருவர் போர்டு தெரியும். ஆனால் ஒருவரோடு ஒருவர் பேசுவதென்றால் என் வழியாகத்தான். "அந்த டாக்டர் என்ன சொன்னாரு?" என்று இவர் கேட்பார். "நீங்க என்ன சொல்றீங்கன்னு அவரு கேட்டாருங்க" என்பேன். எக்ஸ்ரே, ஸ்கேன், சீட்டு எல்லாவற்றையும் துணிக்கடையில் கொடுத்த ஒரு கட்டைப்பையில் போட்டுச் சுமந்தேன். வருஷம் போகப் போகப் பை கனத்தது. கனமான எதையும் தூக்கக் கூடாது என்று மூன்று பேரும் சொல்லியிருந்தார்கள். அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அது.

பாஸ்டர் ஜெபம் பண்ணி எண்ணெய் கொடுத்தார். தோளில் தடவிக்கொண்டேன். பக்கத்து வீட்டு அக்கா தன் குலதெய்வக் கோயிலில் மந்திரித்த கறுப்புக் கயிற்றைக் கொண்டுவந்து, "வேதக்காரங்களுக்கு ஆகாதுன்னு எதுவும் இல்லீங்க, சும்மா கட்டிக்கங்க" என்று மணிக்கட்டில் கட்டிவிட்டாள். எண்ணெயும் கயிறும் ஒரே கையில் மாதக்கணக்கில் இருந்தன. ஒன்றை ஒன்று நிறுத்தச் சொல்லவில்லை.

என் வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. நிட்டிங் கம்பெனிக்கும் சாயப்பட்டறைக்கும் நடுவில் துணி ரோல் ஏற்றும் டெம்போ ஓட்டுகிறார். வண்டியில் ஒரு சத்தம் வந்தால் எந்த போல்ட் என்று கண்டுபிடித்துவிடுவார். அதனால் காரணம் இல்லாத சத்தத்தை அவரால் நம்ப முடியாது. "ஸ்கேன்ல பெருசா ஒண்ணுமில்லீன்னு போட்டிருக்குதல்ல, அப்பறம் எப்படி வலிக்கும்?" என்று கேட்பார். கிண்டல் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்பார். ஒரு நாள் சோறு வடிக்கும்போது கை விட்டுப்போய்க் கஞ்சியும் சோறும் அடுப்படி முழுக்கக் கொட்டியது. அவர் கோபப்படவில்லை. துணி எடுத்துத் துடைத்தார். துடைத்துக்கொண்டே, "எந்நேரமும் அதையே நெனச்சுட்டிருக்கற புள்ள, அதான்" என்றார். திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். இதற்கு என்ன சொல்வது? வெளியே போய்த் துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்து அழுதேன். நான் பொய் சொல்கிறேனோ என்று எனக்கே முதல் தடவையாகச் சந்தேகம் வந்தது அன்றைக்குத்தான்.

எங்கள் கம்பெனிக்கு வருஷத்துக்கு ஒரு முறை, எங்கள் பனியனை வாங்கும் வெளிநாட்டு பையரின் ஆடிட் வரும். தொழிலாளிகளை எப்படி வைத்திருக்கிறார்கள் என்று பார்க்க ஒருவர் வருவார். அந்த வாரம் மட்டும் குடோனிலிருந்து முதுகு சாய்கிற நாற்காலிகள் வந்து இறங்கும். பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரித்திருக்க மாட்டார்கள். ஆடிட்டர் போன மறுநாள் நாற்காலிகள் குடோனுக்குப் போகும், நாங்கள் பழையபடி முதுகில்லாத ஸ்டூலுக்கு. உண்மையைச் சொன்னால், பழக்கமில்லாத நாற்காலியில் அந்த ஒரு வாரம் எங்களுக்கு வலி அதிகம்.

அதே வாரத்தில் மெடிக்கல் கேம்ப்பும் உண்டு. வழக்கமாக ஒரு பெரியவர் வந்து பிரஷர் பார்த்துவிட்டு, சத்தாகச் சாப்பிடச் சொல்லிப் போவார். நான் சொல்லும் வருஷம் அவருக்குப் பதில் ஒரு லேடி டாக்டர் வந்தார். வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்தபடி நான் வரிசையில் நிற்பதைப் பார்த்திருக்கிறார்.

"கை எத்தனை நாளா இப்படி?"

"ஆறு வருஷமாங்க."

"யாரைப் பார்த்தீங்க?"

"யாரைப் பாக்கலீன்னு கேளுங்க."

அவர் சிரிக்கவில்லை. ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். அவர் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் வலிக்கென்றே புதிதாக ஒரு பிரிவு தொடங்கியிருக்கிறார்களாம். "வியாழக்கிழமை வாங்க. நாலு பேரும் ஒண்ணா உக்காந்து உங்களைப் பார்ப்போம்" என்றார்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். டெம்போ கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தவர், "நாலு பேரு ஒண்ணா வர்றது ஒரே ஒரு காரியத்துக்குத்தான் புள்ள. அதுக்கு இன்னும் நாள் இருக்குது" என்றார்.

கம்பெனியில் காதுகுத்து என்று சொல்லி லீவு போட்டேன். ஆஸ்பத்திரிக்கு என்றால் சூப்பர்வைசர் அடுத்த வாரமே என்னை வேகம் குறைந்தவர்கள் பட்டியலில் சேர்த்துவிடுவார். வியாழக்கிழமை போய் டோக்கன் வாங்கிக்கொண்டு திரும்பினால், சுவரோரம் கடைசி நாற்காலியில் எங்கள் முதலாளி. நாற்காலியில் உட்கார்ந்திருந்தார் என்று சொல்வதுகூடச் சரியில்லை. ஒரு பக்கமாகச் சரிந்து, பாதி நின்றபடி, நாற்காலியோடு ஏதோ பேச்சுவார்த்தை நடத்திக்கொண்டிருந்தார்.

இரண்டு பேருக்கும் ஒளிய இடமில்லை.

"ஏனம்மிணி, காதுகுத்து இங்கயா?" என்றார்.

"நீங்க கோயமுத்தூருல பையர் மீட்டிங்குன்னு மேனேஜர் சொன்னாருங்க."

கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தார். "மீட்டிங் வெரசா முடிஞ்சுருச்சு."

"காதுகுத்தும் முடிஞ்சுருச்சுங்க" என்றேன்.

அதற்குப் பிறகு அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். எட்டு வருஷமாக இடுப்பு வலி. கணியூர்ப் பக்கம் அவருக்குத் தோட்டம் இருக்கிறது. காரில் அவ்வளவு தூரம் உட்கார முடியாது என்று போவதையே விட்டுவிட்டார். ஆபீஸில் இருக்கும் தோல் நாற்காலி வெளிநாட்டிலிருந்து வந்ததாம். "மொதலாளிக்கு இடுப்பு போச்சுன்னு தெரிஞ்சா பேங்க்குலேர்ந்து சம்பந்தி ஊடு வரைக்கும் பாக்கற பார்வை மாறிப்போயிரும் அம்மிணி. வெளிய சொல்லிராத." நானும் அதையேதான் கேட்டுக்கொண்டேன். அத்தனை வருஷத்தில் நாங்கள் போட்ட முதல் ஒப்பந்தம் அது.

என்னை உள்ளே கூப்பிட்டார்கள். நிஜமாகவே நாலு பேர். கேம்ப்புக்கு வந்த லேடி டாக்டர். மயக்கம் கொடுக்கிற படிப்புப் படித்து வலிப் பக்கம் வந்தவராம். உடற்பயிற்சி சொல்லித்தரும் பிசியோ, முப்பது வயதுக்காரர், மதுரைப் பக்கத்துப் பேச்சு. மனநல ஆலோசகர் ஓர் அம்மா. நாலாவது ஆளைப் பார்த்ததும் எனக்குத் திரும்பிப் போய்விடலாமா என்றிருந்தது. ஆறு வருஷத்துக்கு முன் 'தேய்மானம்' என்று சொன்ன அதே எலும்பு டாக்டர். வியாழக்கிழமைகளில் இங்கே வருகிறாராம். அவருக்கு என்னை நினைவில்லை.

லேடி டாக்டர் என் கட்டைப்பையை வாங்கி மேஜைமேல் கவிழ்த்தார். ஆறு வருஷச் சீட்டுகளையும் தேதி வாரியாக அடுக்கினார்கள். ஒரு சீட்டை எடுத்து, "இதென்ன எழுதியிருக்கு?" என்று எலும்பு டாக்டரிடம் நீட்டினார். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, "யாரு எழுதுனது இது, புரியவே இல்லையே" என்றார்.

"நீங்கதானுங்க" என்றேன். "ராத்திரி ஒண்ணு, சாப்பிட்ட பொறகு."

அவருடைய எழுத்து அந்த அறையில் எனக்கு மட்டும்தான் படிக்க வந்தது. மற்ற சீட்டுகளையும் நானே படித்துக் காட்டினேன். லேடி டாக்டர் ஒரு தாளில் எழுதிக்கொண்டே வந்தவர், பாதியில் பேனாவை வைத்துவிட்டார். எலும்பு டாக்டரும் நரம்பு டாக்டரும் இரண்டு பெயரில் எழுதியிருந்தது ஒரே மருந்தை. ஒரு காலகட்டத்தில் இரண்டையும் சேர்த்து விழுங்கியிருக்கிறேன். வயிறு எரிந்ததில் ஆச்சரியமில்லை. யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. எலும்பு டாக்டர் மட்டும் சன்னல் பக்கம் பார்த்து, "பேரு வேற வேறயா இருக்கறதால இப்படி ஆயிடுது" என்றார். மருந்துக்குப் பெயர் வைத்தவர்கள்மேல் அவருக்கு உண்மையாகவே கோபம்.

அடுத்தது பிசியோ. "பைய தூக்குங்கக்கா, பாப்போம்" என்றார். எதற்குச் சொல்கிறார் என்று தெரியவில்லை. ஆனாலும் பெரிய படிப்புப் படித்தவர்கள் சொன்னால் கேட்க வேண்டும். குனிந்து கட்டைப்பையை எடுத்துத் தூக்கிக் காட்டினேன். அவர் திகைத்துப்போய், "பைய இல்லக்கா, கைய. கைய பைய..." என்று இழுத்தார். அவர் ஊரில் பைய என்றால் மெதுவாக என்று அர்த்தமாம். லேடி டாக்டர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஆனால் பிசியோ என் கையையே பார்த்து, "அக்கா, இப்ப குனிஞ்சு அந்தக் கையாலதான தூக்குனீங்க? வலிச்சுச்சா?" என்றார்.

யோசித்துப் பார்த்தேன். அவ்வளவாக வலிக்கவில்லை.

மனநல அம்மா அப்போதுதான் முதன்முதலாகப் பேசினார். தூக்கம் எப்படி, எதை நினைத்தால் பயம் என்று கேட்டார். எனக்கு முகம் சூடாகிவிட்டது. ஆறு வருஷம் சுற்றி வந்து கடைசியில் என் வீட்டுக்காரர் அடுப்படியில் சொன்ன இடத்துக்கே வந்து சேர்ந்துவிட்டார்கள்.

"எனக்குப் பைத்தியம்ங்கறீங்களா? வலி நெசமுங்க."

"நிஜம்தான். அதுல எங்க நாலு பேருக்கும் சந்தேகமே இல்லை" என்றார் அந்த அம்மா. "காயம் இல்லாமயும் வலி நிஜமா வரும். உடம்புல காவலுக்குன்னு இருக்கற நரம்பு ரொம்ப நாள் வலியிலேயே கிடந்தா, சின்னத் தொடலுக்கும் கத்த ஆரம்பிச்சுடும்."

எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. "நீடில் டிடெக்டர் மாதிரிங்களா?"

நாலு பேருக்கும் புரியவில்லை. சொன்னேன். உடைந்த ஊசித் துண்டு பனியனுக்குள் போய்விட்டால் குழந்தையைக் குத்தும். அதனால் பெட்டி கட்டும் முன் எல்லாத் துணியையும் ஒரு மிஷினுக்குள் அனுப்புவார்கள். ஊசி இருந்தால் கத்தும். ஒரு தடவை பையர் ஆள் ஒருவர் வந்து, போதாது போதாது என்று அதன் கூர்மையை ஏற்றி வைத்துவிட்டுப் போனார். ஒரு வாரம் முழுக்க ஊசியே இல்லாத துணிக்கும் கத்தியது. பிரித்துப் பிரித்துத் தேடினோம். மிஷின் பொய் சொல்லவில்லை. அதைத் திருகி வைத்த அளவு அப்படி.

"அதேதான்" என்று லேடி டாக்டர் எழுதிக்கொண்டார். ஆறு வருஷத்தில் என் வாயிலிருந்து வந்த ஒன்றை ஒரு டாக்டர் எழுதிக்கொண்டது அதுதான் முதல் தடவை. பின்னால் அவர்கள் எல்லா நோயாளிகளுக்கும் இதையே சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தார்கள். ஒரு வியாழக்கிழமை பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர் என்னிடமே அதை விளக்கினார். தப்பாக விளக்கினார்.

அதோடு முடியவில்லை. என் வேலையைப் பற்றி நாலு பேருக்கும் சண்டை வந்தது. எலும்பு டாக்டர் வேலையை விட்டுவிடச் சொன்னார். வேலைக்குப் போவதுதான் இந்த அம்மாவை நிமிர்த்தி வைத்திருக்கிறது, விடக் கூடாது என்றார் மனநல அம்மா. பிசியோ, வேலையைப் பார்க்காமலே எப்படிச் சொல்வது என்றார். என்னை நடுவில் வைத்துக்கொண்டு கால்மணி நேரம் பேசினார்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவருக்கு நான் போய்ச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அதுவே பெரிய ஓய்வாக இருந்தது. பிறகு லேடி டாக்டர் என் பக்கம் திரும்பி, "நீங்க என்ன நினைக்கறீங்க?" என்று கேட்டார்.

 அப்படி ஒரு கேள்வி வரும் என்று நான் தயாராகி வரவில்லை. கண்ணீர்தான் வந்தது. மனநல அம்மா காகிதக் கைக்குட்டை எடுத்து நீட்டினார். எலும்பு டாக்டர் பாவம், மறுபடி சன்னலைப் பார்த்தார்.

மருந்தை ஒன்றாகக் குறைத்தார்கள். ஆறு வியாழக்கிழமை பயிற்சி வகுப்புக்கு வரச் சொன்னார்கள். வலி எப்போது எவ்வளவு வருகிறது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தேன் என்று எழுதி வர ஒரு நோட்டும் கொடுத்தார்கள். பிளஸ்டூவோடு விட்ட எழுத்து அதில்தான் திரும்ப வந்தது. பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் மதிப்பெண் போட வேண்டும். எங்கள் கம்பெனியில் செக்கிங்கில் பாஸ் உண்டு, ரிஜெக்ட் உண்டு, நடுவில் எதுவும் கிடையாது. முதல் வாரம் எல்லா நாளும் பத்து போட்டேன். "பத்துன்னா உயிரே போற வலிங்க" என்றார் பிசியோ. அப்படியானால் எட்டு என்றேன். பேரம் பேசுவதுபோல ஏழரையில் நின்றோம்.

முதல் வகுப்பில் தரையில் ஏழு பாய் விரித்திருந்தார்கள். என் பாய்க்குப் பக்கத்துப் பாயில் எங்கள் முதலாளி படுத்திருந்தார். வெள்ளை வேட்டி. காலை மடக்கி நெஞ்சுக்குக் கொண்டுவரச் சொன்னபோது அவர் பட்ட பாட்டை நான் பார்க்கவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் டிராக் பேண்ட்டில் வந்தார். எங்கள் கம்பெனியில் தைத்ததுதான். காலைத் தூக்கும்போது நடுத்தையல் விட்டுப்போனது. "யாரு லைனு இது?" என்றார் படுத்தபடியே. என் லைன் இல்லை என்றேன்.

மூன்றாவது வாரம் மனநல அம்மா எங்களை வட்டமாக உட்கார வைத்து, வலிக்குப் பயந்து எதையெல்லாம் விட்டுவிட்டீர்கள் என்று கேட்டார். முதலாளி தோட்டத்தைச் சொன்னார். சொல்லிவிட்டு, "பந்தியில கீழ உக்கார முடியாதுன்னு ஒறம்பரையூட்டு விசேசத்துக்குப் போறதே இல்லீங்க. பணம் வந்ததும் பெரிய மனுசனாயிட்டான்னு பேசிக்கறாங்க. பேசிட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன். இடுப்பு போச்சுங்கறதுக்கு அது பரவாயில்லீல்ல" என்றார். 

என் முறை வந்தது. சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். அவர் அவ்வளவு சொன்ன பிறகு சும்மா இருக்க முடியவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் முடியைக் கழுத்தளவுக்கு வெட்டிக்கொண்டேன். வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டதாக எல்லாரிடமும் சொன்னேன். பாஸ்டருக்கு அதில் மனவருத்தம்கூட, நாங்கள் கத்தோலிக்கச் சபை இல்லை. நேர்த்தி எதுவும் கிடையாது. பின்னல் போட வலது கை மேலே போகவில்லை. அவ்வளவுதான். வீட்டுக்காரரிடம் பின்னிவிடச் சொல்லக் கூச்சம்.

 முதலாளி தரையைப் பார்த்தபடி, "நம்ம கம்பெனியில உக்காந்துதான் இப்படி ஆச்சுங்களா அம்மிணி?" என்றார். என்னை 'ங்க' போட்டு அவர் பேசியது அதுதான் முதல் முறை.

"தெரியலீங்க" என்றேன். பொய் இல்லை. தெரியவில்லைதான்.

பிசியோ அந்த நேரம் பார்த்து, "அண்ணே, நான் ஒரு நாள் வந்து அக்கா உக்கார்ற எடத்தைப் பாக்கட்டுமா?" என்று கேட்டார். ஏழு பேர் முன்னால் முதலாளியால் முடியாது என்று சொல்ல முடியவில்லை. எங்களை அப்படி வட்டமாக உட்கார வைத்த மனநல அம்மா கெட்டிக்காரர்.

அடுத்த வாரமே பிசியோ டேப்போடு வந்தார். எங்கள் தையல் லைனில் இருக்கும் வடக்கத்திப் பெண்கள் இரண்டு பேர் தங்களுக்கு ஏதோ அளவெடுக்கிறார்கள் என்று எழுந்து நின்றார்கள். அவர் என் கழுத்து எவ்வளவு சாய்கிறது, முழங்கை எவ்வளவு உயர்கிறது என்று அளந்து, விலையோடு ஒரு புது நாற்காலியின் படத்தைக் காட்டினார். மேனேஜர் முகம் வாடியது. எங்கள் மிஷின் மெக்கானிக் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், "ஏனுங்க டாக்டர், சேரை விடுங்க. அந்தம்மா பெடல் ஒரு சாண் தள்ளி இருக்குது. அதை எட்டறதுக்குத்தான் ஒடம்பைக் கோணிக்கறாங்க. கழுத்து அதுக்குத் தகுந்தாப்புல போகுது" என்றார்.

"எத்தனை நாளா தள்ளி இருக்கு?"

"நான் சேரறதுக்கு முன்னாலேர்ந்துங்க."

"ஏன் சொல்லல?"

"யாருங்க கேட்டா?"

பிசியோ மெக்கானிக்கைக் கட்டிப்பிடிக்காத குறை. இரண்டு பேரும் மத்தியானம் வரைக்கும் தரையில் படுத்து பெடலை நகர்த்தினார்கள், டேபிளுக்கு அடியில் மரக்கட்டை வைத்து உயர்த்தினார்கள், விளக்கை இறக்கினார்கள். என்னை உட்காரச் சொல்லி ஓட்டச் சொன்னார்கள். வேறு யாருடைய மிஷினோ போல இருந்தது. அடுத்த வியாழக்கிழமை லேடி டாக்டர் போன் போட்டு மெக்கானிக்கிடம் பத்து நிமிஷம் பேசினார். அந்தப் பெருமையில் மெக்கானிக் மூன்று நாள் யாரோடும் சாதாரணமாகப் பேசவில்லை.

பிறகு லைன் முழுக்க அப்படிச் செய்தார்கள். காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை பெல் அடித்து ஐந்து நிமிஷம் கழுத்தையும் கையையும் அசைக்க வைத்தார்கள். வலி வந்த பிறகு நிறுத்தாதீர்கள், வருவதற்கு முன்னாலேயே நிறுத்துங்கள் என்பது மனநல அம்மாவின் பாடம். சூப்பர்வைசருக்கு அது புதிராகவே இருந்தது. "வலிக்காதப்பவே நிறுத்துனா எப்பத்தானுங்க தெக்கறது?" என்பார். அடுத்த வருஷ ஆடிட்டுக்கு முதலாளி இதையெல்லாம் போட்டோ எடுத்துச் சட்டம் போட்டு மாட்டினார். ஆடிட்டர் மிகவும் சந்தோஷப்பட்டு, நிறைய ஆர்டர் வந்தது. ஆர்டர் நிறைய வந்ததால் ஷிப்மென்ட் நெருக்கடி. ஷிப்மென்ட் நெருக்கடியால் இரண்டு மாதம் பெல் அடிக்கவில்லை. மரக்கட்டைகளை மட்டும் யாரும் எடுக்கவில்லை. எடுப்பதற்கும் நேரமில்லை.

முதலாளி நாலு வகுப்போடு நின்றுவிட்டார். யாரோ ஒளி பாய்ச்சி ஒரே நாளில் சரிப்படுத்துவதாகச் சொன்னார்களாம். இரண்டு மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை பழையபடி கடைசி நாற்காலியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. பாயை விரித்துக் கொடுத்தார்கள். போன தை மாதம் தோட்டத்துக்குப் போய்வந்ததாகச் சொன்னார். வழியில் மூன்று இடத்தில் காரை நிறுத்தி, இறங்கி நடந்து, மறுபடி ஏறிப் போனாராம். "முன்னெல்லாம் ஒரே மூச்சுல போவனுங்க. இப்பத்தான் வழியில என்னென்ன ஊரு இருக்குதுன்னே தெரியுது" என்றார்.

குடும்பத்தையும் ஒரு நாள் கூட்டிவரச் சொன்னார்கள். என் வீட்டுக்காரர் வர மறுத்து, பிறகு டெம்போவை வெளியே நிறுத்திவிட்டு வந்து கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். நீடில் டிடெக்டர் கதையைச் சொன்னார்கள். திரும்பி வரும்போது வண்டியை மெதுவாகவே ஓட்டினார். பிறகு, "அப்ப அது கத்தறது நெசம்தான். ஊசிதான் இல்ல. அப்படித்தான?" என்றார். ஆமாம் என்றேன். "அதை மொதல்லயே சொல்லியிருக்கலாமல்ல?" என்றார். ஆறு வருஷமாக அதைத்தான் சொன்னேன் என்று சொல்ல வந்தேன். விட்டுவிட்டேன். இப்போது என்னைவிட அவர்தான் கண்டிப்பு. காலையில் டீயை வைத்துக்கொண்டு என் எதிரில் நின்று, பயிற்சியை எண்ணுவார். எட்டுக்கு அப்புறம் பத்து என்று எண்ணுகிறார். நான் திருத்துவதில்லை.

வலி போய்விட்டதா என்று கேட்கிறார்கள். இல்லை. ஏழரை நாலாகியிருக்கிறது, கெட்ட வாரத்தில் ஐந்தரை. ஒன்றரை ஷிப்டு பார்ப்பதை நிறுத்தி ஒரு ஷிப்டோடு வீட்டுக்கு வந்துவிடுகிறேன். எலும்பு டாக்டர்கூட இப்போது தெளிவாக எழுதுகிறார். படித்துப் பார்த்தேன், அதில் 'தேய்மானம்' என்றுதான் போட்டிருக்கிறது. கீழே 'வயதுக்கு ஏற்றது, பயப்பட வேண்டாம்' என்று இன்னொரு வரி சேர்த்திருக்கிறார். அவரளவில் அது பெரிய விஷயம்.

போன டிசம்பரில் வாசலில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்ட வேண்டியிருந்தது. வழக்கமாக வீட்டுக்காரர்தான் கட்டுவார். லோடு எடுக்கப் போனவர் வரவில்லை. ஸ்டூலைப் போட்டு ஏறினேன். இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி வயரை முடிச்சுப் போட்டேன். பாதியில் இறங்கிக் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு மறுபடி ஏறினேன். மறுநாள் தோள் நன்றாகவே கத்தியது. பயப்படவில்லை. வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, கையை மெல்ல மெல்ல அசைத்து, மிஷினுக்கும் போய்வந்தேன். மூன்றாம் நாள் அடங்கிவிட்டது.

கட்டிய அன்றே ராத்திரி அவர் வந்து நட்சத்திரத்தை அண்ணாந்து பார்த்தார். "கோணலா இருக்குது புள்ள" என்றார்.

இருக்கட்டும் என்றேன்.